உத்தரியம் கிடந்த இடம்

வெரோனிக்காவின் மார்பில் கதிர்வீச்சு பட்ட இடம் சிவந்து காந்தியது. இருபத்தைந்து நாள் சிகிச்சையில் இருபது முடிந்திருந்தது. "தோல் வெடிச்சா நிறுத்தி வைக்கணும்கா, திங்கக்கிழமை பார்ப்போம்" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஷாஹிரா மிஸ்ஸி வெள்ளிக்கிழமை சொல்லி அனுப்பியிருந்தார்.

தங்கை லீனாவுக்குத் தன்மேல்தான் சந்தேகம். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு அக்காவைக் கவனிப்பவள் அவள்தானே! துணி துவைக்கும் சோப்பை மாற்றினாள். வாசனைப் பவுடரை ஒளித்து வைத்தாள். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, தேய்க்காமல் துவாலையால் ஒற்றியெடுத்து, ஆஸ்பத்திரிக் களிம்பை மட்டும் பூசினாள். எரிச்சல் அடங்கின பாடில்லை.

சனிக்கிழமை காலை, களிம்பு பூசும்போது ஜன்னல் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் வெறும் சிவப்பு. நடுவில் ஒரு துண்டு மட்டும் உராய்ந்து புண்ணாகப் பார்த்தது. நாலு மூலையும் வெட்டி வைத்தாற்போல.

"அக்கா, மெஷின் என்ன ஸ்கேல் வச்சா கோடு போடுது?"

வெரோனிக்காவின் கை தலையணைக்கு ஓடியது. அதற்கடியில் பழுப்புக் கயிறு எட்டிப் பார்த்தது. லீனா இழுத்தாள். ஜெபித்துக் கழுத்தில் அணிகிற மாதா உத்தரியம் வந்தது. சொரசொரப்பான கம்பளித் துண்டு, அதே சதுரம்.

"இருபத்தஞ்சும் முடியறவரைக்கும் போட்டுக்கிறதா நேர்ந்துக்கிட்டேன். நீ திட்டுவேன்னுதான் காட்டல."

"மெஷினுக்குக் கழட்டுற, குளிக்கக் கழட்டுற, எனக்குப் பயந்து கழட்டுற. அப்பல்லாம் கோவிச்சுக்காத மாதா, தூங்குறப்ப கழட்டினா கோவிச்சுக்குவாங்களா?"

"வாயப் பாரு இவளுக்கு." திட்டும்போதே குரல் உடைந்தது. "கழட்டிட்டா மிச்ச அஞ்சு நடக்காமப் போயிருமோன்னு பயம்டி."

"போட்டிருந்தாதான் நடக்காது லா!"

லீனா உத்தரியத்தைக் கட்டில் தலைமாட்டில் மாட்டினாள், அக்காவின் கை எட்டுகிற உயரத்தில். அன்று மதியம், தளர்ந்த பருத்திக் காஃப்தானுக்குள் வெரோனிக்கா பல நாளைக்குப் பிறகு புரளாமல் தூங்கினாள்.

திங்கட்கிழமை ஷாஹிரா மிஸ்ஸி குனிந்து பார்த்தார். "அட, அடங்கியிருக்கே. வாங்கக்கா, உள்ள போகலாம்."

வெளியே பெஞ்சில் லீனாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தலைமாட்டிலிருந்து கைப்பையில் கொண்டுவந்திருந்த உத்தரியத்தை எடுத்துத் தன் புறங்கையில் தேய்த்துப் பார்த்தாள். அரிக்கத்தான் செய்தது.

"இருபத்தொண்ணு" என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்த வெரோனிக்கா, அதை வாங்கி முத்தமிட்டுத் தங்கையின் கழுத்தில் போட்டாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்காக நீ போட்டுக்க. உன்னோடது எருமைத் தோல்தானே, தாங்கும்."