வாய்க்காற்றும் சூடுதானே?

டீச்சருக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. வாசிப்பு வகுப்பைப் பார்வையிட மேற்பார்வையாளர் அம்மாள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆறு குழந்தைகள், பன்னிரண்டு பக்கப் புத்தகம், இருபதே நிமிடம். பக்கத்தைப் புரட்டும் முன், “அடுத்து என்ன வரும்?” என்று வேறு ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

ஆறாம் பக்கத்தை ஒருவன் எழுத்துக்கூட்டி வாசித்தான். “சூ...டான காற்று லேசானது. அதனால் பலூன் மேலே போகிறது.”

“பொய்!” என்றாள் தொணதொணா. வாய் ஓயாதவள் என்பதால் வகுப்பு வைத்த பெயர் அது. “எங்க வீட்டுப் பலூன் தரையிலதான் கிடக்கு.”

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தாள். “அப்புறம் பேசலாம்டா. அடுத்த பக்கம்...”

“அப்பா வாயால ஊதினது டீச்சர். வாய்க்காத்து சூடாத்தானே இருக்கும்?”

டீச்சர் ஆறாம் பக்கத்தை மறுபடி பார்த்தாள். பின்னால் பேனா விறுவிறுவென்று ஓடுவது கேட்டது.

“மேடம், ஒரு நிமிஷம் பிள்ளைங்களைப் பாத்துக்கங்க.”

பக்கத்து ஓவிய அறைக்கு ஓடி, பெயின்ட் உலர்த்தும் ஹேர் டிரையரைத் தூக்கி வந்தாள். குப்பைக்கூடைக்குப் போடும் மெல்லிய பைகளில் புதிதாக ஒன்றை உருவி, அதற்குள் சூடான காற்றை விட்டாள். உப்பிய பை, கையை எடுத்ததும் குப்புறக் கவிழ்ந்தது. குழந்தைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் காதெல்லாம் சூடேறியது.

“வாய்ப்பக்கம் கனமா இருந்தா நேரா நிக்கும்ல?” தொணதொணா காகிதக் கிளிப்புகளை நீட்டினாள்.

டீச்சர் நாலு கிளிப் மாட்டி, மறுபடி சூடான காற்றை நிரப்பி விட்டாள். பை தள்ளாடித் தள்ளாடி விளக்குவரை ஏறியது. பிறகு மெல்ல இறங்கி அம்மாள் மடியிலேயே விழுந்தது.

“ஏன் இறங்கிடுச்சு?” ஆறு பேரும் கத்தினார்கள்.

“புத்தகத்துல பாருங்க,” என்றாள் டீச்சர்.

ஆறு தலைகளும் முட்டிக்கொண்டு ஏழாம் பக்கத்தின்மேல் கவிழ்ந்தன.

“ஆறிப்போச்சு! காத்து ஆறிப்போச்சு!” தொணதொணா துள்ளினாள். “அப்பா ஊதினதும் ஆறியிருக்கும்... ஆனா அவர் ஊதினப்பவே ஏன் பறக்கலை?”

மணி அடித்தது.

“அஞ்சு பக்கம் பாக்கி,” என்றார் அம்மாள், கிளிப்புகளைக் கழற்றிக் கொடுத்தபடி. “அதை அறிக்கையில எழுதித்தான் ஆகணும். அடுத்த வாரம் திரும்ப வர்றேன்.”

“சரிங்க மேடம்.”

இன்னும் ஒரு வாரம் இந்தப் படபடப்போடு ஓட்ட வேண்டும். டீச்சர் பெருமூச்சோடு திரும்பினாள். இடைவேளைக்கு ஒருவரும் வெளியே போகவில்லை. எட்டாம் பக்கத்தை யார் வாசிப்பது என்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.