ஒரு குடைக்குக் கீழே

19 நவம்பர் 2024, செவ்வாய்

இன்று வகுப்பில் ஒரு பிழை விட்டேன். ஷிஹாராவின் ஹைக்கூ ஒன்றில் இல்லாத ஆளை இருப்பதாகச் சொல்லிவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை கற்பிட்டியில் அவளுடைய முதல் தொகுப்பு வெளியாகிறது. ‘சுழலாத காற்றாடி’ என்று பெயர். உள்ளங்கையில் அடங்கிவிடும் புத்தகம். மாலை வகுப்பில் எங்களோடு தமிழ் டிப்ளோமா படிக்கும் எத்தனையோ பேர் இருக்க, நயவுரைக்கு என்னைத்தான் கேட்டாள். நான் பகலில் கடற்கரை மீன்வாடியில் கருவாடு தரம் பிரிக்கிறவன். கவிதைகளையும் அப்படியே கடல், தோட்டம், ஊர், மழை என்று பிரித்து வைத்துக்கொண்டு எழுதினேன். அது சரியான முறையா என்று இன்னும் தெரியவில்லை.

நான் எழுதியதை வகுப்பில் வாசித்துக் காட்டச் சொன்னார் யோசேப்பு சேர். இந்தக் கவிதை வரும்வரை நன்றாகத்தான் போனது:

மழை விட்டது
இன்னும் விரிந்தபடி
ஒரு குடை

“மழை விட்ட பிறகும் குடையை மடக்க இருவருக்கும் மனமில்லை” என்று வாசித்தேன்.

“எந்த இருவர், அஸ்ஹான்?” என்று சேர் கேட்டார். “இதில ஒரு குடைதானே இருக்கு? ஆளே இல்லையே.”

“கம்பி இறுகியிரிக்கும் சேர். மடக்க ஏலாம நிண்டிரிப்பாங்க” என்றான் பின்னாலிருந்த நௌஃபர்.

எல்லோரும் சிரித்தார்கள். ஷிஹாரா சிரிக்கவில்லை. பேனை மூடியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தாள்.

“ஊகிக்கலாம் மகன். ஆனா கவிதைக்குள்ள ஆதாரம் இருக்கவேணும்” என்றார் சேர்.

ஆதாரம் என்னிடம் இருந்தது, கவிதைக்குள் இல்லை. போன டிசம்பரில் வகுப்பு விட்டு மாம்புரி பஸ்ஸுக்கு நின்றபோது பெய்த மழை அது. குடை என்னுடையது. மழை விட்டதும் அவள் மடக்கச் சொல்லவில்லை, நானும் மடக்கவில்லை. பஸ் வந்து ஹோர்ன் அடித்த பிறகுதான் மடக்கினேன். எங்களுக்குள் நடந்தது அவ்வளவுதான். அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை. ஆனாலும் வெளியீடு முடிந்ததும் உம்மாவிடம் சொல்லி அவள் வீட்டில் பெண் கேட்க வேண்டும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை முதலிலிருந்து மறுபடி பார்த்தேன்.

பத்துக் காற்றாடி
சுழலாத ஒன்றின் நிழலில்
படுத்திருக்கும் ஆடுகள்

வீதியோரக் காற்றாலைகளில் சுழலாத அந்தக் காற்றாடியைப் பஸ் ஜன்னலால் அவளுக்குக் காட்டியது நான்.

கருவாட்டுப் பாய்
காகம் விரட்டும் சிறுமி
காகத்துக்கும் ஒன்று

அவள் வாடிக்கு வந்த அன்று காகத்துக்கு ஒன்றை எறிந்தது சிறுமி இல்லை. அதுவும் நான்தான். ஆனால் கருவாட்டுக்காரன் எறிந்தால் அதில் என்ன இருக்கிறது? விரட்ட வேண்டியவளே கொடுப்பதில்தான் கவிதை இருக்கிறது. சிறுமியை வைத்தது சரி.

நான் நின்ற இடங்களெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. நான் எதிலும் இல்லை.

21 நவம்பர் 2024, வியாழன்

வகுப்பு முடிந்ததும் ஷிஹாரா எல்லோருக்கும் அழைப்பிதழ் கொடுத்தாள். நயவுரை என்ற இடத்தில் என் பெயர். அதற்கு மேலே, முதற்பிரதி பெறுபவர்: மதுரங்குளி வர்த்தகர் அல்ஹாஜ் அபூசாலி.

பஸ் தரிப்பிடத்தில் கேட்டேன். “அபூசாலி ஹாஜியார் கவிதை வாசிக்கிறவரா?”

“எங்க? லொறியும் தென்னந்தோட்டமும்தான் தெரியும். புத்தகம் சின்னதா இரிக்கி, விலையக் கொறைச்சுப் போடுங்க எண்டாராம்” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு வீதியைப் பார்த்தாள். “அவர்ட மகனுக்குத்தான் என்னப் பேசி முடிச்சிரிக்கி. ஜனவரில நிக்காஹ்.”

வாழ்த்துச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாயில் வந்தது வேறு.

“அந்தக் குடைக்குக் கீழ ஆருமே இல்லையா?”

ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது.

“முதல்ல ரெண்டு பேர் இரிந்தாங்க” என்றாள். “‘ஒரு குடை, இருவர்’ எண்டுதான் எழுதினேன். உம்மா வாசிச்சிட்டு, ‘ஆருடி மத்த ஆள்?’ எண்டு கேட்டா. ரெண்டு பேரையும் வெட்டிட்டேன்.”

“அப்ப உம்மாவுக்காகத்தான்?”

“உம்மாவுக்காகத்தான் வெட்டினேன். வெட்டினாப் பொறகு பாத்தா, கவிதை முன்னத்த விட நல்லா வந்திரிக்கி. அதுதான் எனக்குத் தாங்க ஏலாம இரிந்திச்சு.”

நான் யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்ல முடியவில்லை. “ஓம். வெட்டினதுதான் நல்லம்” என்றேன்.

“சனிக்கிழமை அதப் பேசுவீங்களா?”

“வேணாமெண்டா விட்டுர்றேன்.”

“இல்ல, பேசுங்க. புத்தகத்துல அதுதான் நல்லது. ஆனா மாப்பிள வீட்டாக்கள் எல்லாரும் முன்னுக்கு இரிப்பாங்க. ரெண்டு பேர் எண்டு மட்டும் சொல்லிராதீங்க, நானா.”

இதுவரை என்னை அஸ்ஹான் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள், அண்ணன் முறை வைத்ததில்லை.

பஸ் வந்தது. அவள் முன்னால் பெண்களோடு உட்கார்ந்தாள், நான் பின்கதவில் நின்றேன். காற்றாடிகள் வந்தபோது இருட்டியிருந்தது. சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன. எது சுழல்கிறது, எது சுழலவில்லை என்று பார்க்க முடியவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பினாளா என்று பார்த்தேன். முக்காடுதான் தெரிந்தது.

உம்மா சாப்பாடு போடும்போது, “கூட்டம் முடியட்டும், ஒரு கதை இரிக்கி எண்டியே, என்னது மகன்?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். தலையில் கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

நாளை வெள்ளி. ஜும்ஆ முடிந்து வந்து நயவுரையின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி எழுத வேண்டும். ‘இருவருக்கும் மனமில்லை’ என்ற வரியை எடுத்துவிட்டு, குடையைப் பற்றி மட்டும் எழுத வேண்டும்.