எடை தின்ற எலிகளும் மொளகும்

ஷார்ஜாவை அடுத்த அல் தைத் ஊருக்கு வெளியே மலீஹா போகும் சாலையில் இருக்கும் ஒட்டகப் பண்ணை ஒன்றில், இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல், எலிகள் தானியத்தைத் தின்பதை விட்டுவிட்டு அதன் எடையை மட்டும் தின்னத் தொடங்கின. பார்லி மூட்டைகள் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. சாக்கில் ஓர் ஓட்டை கிடையாது, ஒரு மணிகூடச் சிந்தவில்லை. ஆனால் ஐம்பது கிலோ மூட்டையை ஒற்றை விரலால் தூக்க முடிந்தது. முதல் வாரம் பண்ணையாட்களுக்கு இது சௌகரியமாகவே இருந்தது. இரண்டாம் வாரம் அந்தப் பார்லியைத் தின்ற ஒட்டகங்கள் பசி அடங்காமல் கத்தின. மூன்றாம் வாரம் ஒரு கன்று தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. அதைக் கட்டுத்தறியில் இறுக்கிக் கட்டி, முதுகில் ஈர மணல் மூட்டை ஏற்றினார்கள். பக்கத்துப் பண்ணையிலிருந்து இரண்டு பட்டாணியர்கள் வந்து பார்த்து, மூட்டையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கட்டினால் முதுகு புண்ணாகாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தீவனக் கிடங்கு சேதுபதியின் பொறுப்பில் இருந்தது. முதுகுளத்தூர்க்காரன், வளைகுடாவுக்கு வந்து ஒன்பது வருடம். அவன் விஷம் வைத்தான். எலிகள் விஷத்தின் எடையையும் தின்றுவிட, விஷம் பொடியாகக் காற்றில் மிதந்து போனது. ஷார்ஜாவிலிருந்து மூன்று பூனைகள் கொண்டுவந்தான். நான்காம் நாள் அவை வேலிக்கு மேலே எழும்பி, ஒன்றன்பின் ஒன்றாக ஃபுஜைரா மலைப்பக்கம் போய்விட்டன. இதையெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். பொறுக்க முடியாமல் போனது ஜெயசீலன் விஷயத்தில்தான்.

ஜெயசீலன் பண்ணையின் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன், சாத்தான்குளத்துக்காரன். கேம்ப் ரூமில் எட்டுப் பேர் நெருக்கியடித்துப் படுக்க வேண்டியிருந்ததால், கிடங்கில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொள்ளச் சொன்னவன் சேதுபதியே. எழுபத்திரண்டு கிலோ இருந்த ஜெயசீலன் நவம்பர் கடைசியில் பத்தொன்பது கிலோ இருந்தான். இளைக்கவில்லை. சட்டை அதே சட்டைதான், வீடியோவில் பார்த்த அவன் மனைவி முகம் தெளிவாக இருக்கிறது என்றுதான் சொன்னாள்.

"சேதுண்ணே, காலையில வால்வைத் திருகுனேன். வால்வு சுத்தல, நான்லா சுத்துனேன்" என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். கேம்ப் ரூமுக்கு மாறிப் படுத்தும் பயன் இல்லை. ஏதோ ஓர் எலி அவனுடைய ருசியைக் கண்டுகொண்டிருந்தது போலும். அவன் எங்கிருந்தாலும் நாளுக்கு அரைக் கிலோவாவது போய்க்கொண்டிருந்தது. பாக்கெட்டில் ஸ்பானர்களைப் போட்டுக்கொண்டு நடந்தான். ஜனவரியில் ஷமால் என்கிற மணல்காற்று தொடங்கும். அதற்குள் ஏதாவது செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சேதுபதி மட்டும் ஒரு நைலான் கயிறு வாங்கி வைத்தான்.

பண்ணைக்குச் சொந்தக்காரரான அர்பாப் வந்து கன்றைப் பார்த்தார், ஜெயசீலனைப் பார்த்தார், இந்தியில் ஒரே வரியில் முடித்தார்: "பில்லி கலாஸ். காம் வாலா குத்தா லாவ்." பூனை போதும், வேலை செய்கிற நாயைக் கொண்டு வா. எலி பிடிக்கவென்றே வளர்க்கிற டெரியர் என்றொரு சாதி உண்டென்று அவர்தான் சொன்னார். சேதுபதிக்கு நாய் என்றால் உதறும். ஏழு வயதில் கடிபட்டுத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டவன். ஆனாலும் மறுநாளே பிக்கப்பை எடுத்துக்கொண்டு உம் அல் குவைனுக்குப் போனான்.

அங்கே ஒரு நாய் விடுதியை ஜோதிமணி என்கிற தாராபுரத்துப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பதுக்குள்தான் இருக்கும். விடுதி முதலாளியான வெள்ளைக்காரர் சொந்த தேசத்துக்குப் போனவர் திரும்பவில்லை. ஒரு டெரியர் தாயும் அதன் பத்து மாதக் குட்டிகள் மூன்றும் அவள் பொறுப்பில் தங்கிவிட்டன. சேதுபதி வேலிக்கு இப்பால் நின்றே பார்த்தான். ஒன்று ஓடி ஒளிந்தது. ஒன்று அவன் செருப்பை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்தது. மூன்றாவது கம்பி வேலியைக் கடித்து, கூடப் பிறந்ததைக் கடித்து, பிக்கப்பின் டயரைப் பார்த்து அரை மணி நேரம் குரைத்தது. சேதுபதிக்கு அதுதான் பிடித்தது.

"அது சண்டைக்காரனுங்க. சண்டை போடறது வேற, வேலை செய்யறது வேற" என்றாள் ஜோதிமணி.

"இருக்கட்டுங்க. எனக்கே இம்புட்டுப் பயமா இருக்கே, எலி பயப்புடாதா?"

எலிகள் பயப்படவில்லை. சண்டைக்காரன் கிடங்கு வாசலில் இரண்டு நாள் இடைவிடாமல் குரைத்தது. எலிகள் வளைக்குள் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் சேதுபதி கதவைத் திறந்தபோது குரைப்பு மேலேயிருந்து வந்தது. நாய் தகரக் கூரையில் முதுகு முட்ட மிதந்துகொண்டு, கீழே பார்த்துக் குரைத்தது. ஏணி போட்டு, கயிறு கட்டி இறக்கி, பிக்கப்பின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உம் அல் குவைனுக்கே ஓட்டிப் போனான். வழி நெடுக அது அவன் தலைக்கு மேலே குரைத்துக்கொண்டு வந்தது.

ஜோதிமணி கயிற்றை வாங்கி வேலிக் கம்பத்தில் கட்டினாள். "இங்க எலி இல்ல, ஒரு வாரம் ராகிக் களி போட்டா எறங்கிருமுங்க" என்றாள். "தப்பு எம்பேர்லயுந்தானுங்க. மொதோ மொதோ நாய் வெக்கறவங்களுக்குச் சின்ன வயசு நாயக் குடுத்திருக்கக் கூடாது. ரெண்டு பேருல ஒருத்தருக்காச்சும் வேலை தெரிஞ்சிருக்கோணுமல்லங்க."

அப்போதுதான் அவன் தாயைக் கவனித்தான். தண்ணீர்த் தொட்டி நிழலில் படுத்திருந்தது. முரட்டு முடி, மங்கிய கறுப்பு, வலது காதில் ஒரு கிழிசல். வெள்ளைக்காரர் வைத்த பெயர் பெப்பர்; ஜோதிமணி மொளகு என்றுதான் கூப்பிட்டாள்.

"அவளக் குடுக்கறாப்புல இல்லீங்க" என்றாள் அவள், அவன் கேட்பதற்கு முன்பே. "இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான்."

சேதுபதி கேட்கவில்லை. ஜெயசீலனைப் பற்றிச் சொன்னான். அன்று காலை அவன் ஏழு கிலோ இருந்ததையும், கிடங்கில் கட்டில் போடச் சொன்னது தான்தான் என்பதையும் சொன்னான். இதை அவன் வேறு யாரிடமும் சொன்னதில்லை. ஜோதிமணி தொட்டிக் குழாயைத் திறந்து, தொட்டி நிரம்பும்வரை நின்று, மூடினாள்.

"வாங்க. முன்னங்காலுக்குப் பொறத்தால ரெண்டு கையையும் வெச்சு நெஞ்சப் புடிச்சுப் பாருங்க. அவ கடிக்க மாட்டா."

அவன் நீட்டிய கையை ஒரு முறை இழுத்துக்கொண்டான். பிறகு பிடித்தான். இரண்டு கை விரல்களும் ஒன்றையொன்று தொட்டன. உள்ளே இதயம் அவசரமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"கைக்குள்ள அடங்கற நெஞ்சுதானுங்க வளைக்குள்ள போயித் திரும்பி வரும். காயமெல்லாம் எங்க இருக்குதுன்னு பாருங்க. மூஞ்சீல. பொறத்தால ஒண்ணு இல்ல. திரும்பி ஓடுனதில்லைங்கறதுக்கு அதுதான் சர்டிபிகேட்டு. மார்ச்சு கடைசீல நானே வந்து கூட்டிக்கறேன்."

மொளகு பண்ணைக்கு வந்து இரண்டு நாள் எதுவும் செய்யவில்லை. கிடங்கைச் சுற்றி நடந்தாள், முகர்ந்தாள், படுத்தாள். ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. வந்தபோது ஆறு கிலோ. இரண்டு நாள் கழித்தும் ஆறு கிலோ. அவளிடமிருந்து எலிகளால் எதுவும் எடுக்க முடியவில்லை. ஏன் என்று யாரும் விசாரிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை முதல் எலியைப் பிடித்தாள். கழுத்தில் ஒரு கடி, ஓர் உதறல். சேதுபதி அதை முறத்தில் அள்ளப் போனான், முறம் உடைந்தது. மண்வெட்டி வளைந்தது. உள்ளங்கை அளவு எலி, நாலு மூட்டைப் பார்லியின் கனம் இருந்தது. கடைசியில் ஃபோர்க்லிஃப்ட் கொண்டுவந்தார்கள். ஜனவரி பத்தாம் தேதிக்குள் முப்பத்தோரு எலிகள் செத்தன. கன்றின் கால் தரையைத் தொட்டது. பார்லி மூட்டையைத் தூக்க மறுபடி இரண்டு பேர் வேண்டியிருந்தது, தூக்கியவர்கள் முனகினார்கள். ஜெயசீலன் மட்டும் மூன்றரைக் கிலோவிலேயே நின்றான். அவனைத் தின்ற எலி இன்னும் வெளியே வரவில்லை.

பதினான்காம் தேதி காலை ஏழு மணிக்கு ஷமால் எழுந்தது. ஜெயசீலனைத் தண்ணீர் லாரியின் பின் கொக்கியில் நைலான் கயிற்றால் கட்டினார்கள். காற்றில் அவன் படுத்த வாக்கில் மிதந்தான். "அண்ணே, முடிச்சு நல்ல முடிச்சுதானே?" என்று மட்டும் கேட்டான். அந்த நேரத்தில் மொளகு கிடங்கின் சிமெண்ட் தளத்துக்கு அடியில் இருந்த வளையில் தலையை நுழைத்தாள். உடம்பு போனது, வால் போனது.

எட்டு மணி, ஒன்பது மணி. சேதுபதி வளைவாயில் குப்புறப் படுத்துக் காதை வைத்துக் கேட்டான். ஒன்றும் கேட்கவில்லை. இரவல் வாங்கி வந்த உயிர். கடப்பாரையை எடுத்தான், கீழே வைத்தான், ஜோதிமணிக்குப் போன் போட்டான்.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டுராதீங்க" என்றாள் அவள். "அவ உங்களப் பாக்கறதா, எலியப் பாக்கறதா? தோண்டவும் வேண்டாங்க. மண்ணு சரிஞ்சுரும். அங்கயே படுத்திருங்க. நீங்க இருக்கறது அவளுக்குத் தெரியும்."

அவன் படுத்திருந்தான். மணல் முதுகில் ஏறியது. லாரிப் பக்கம் ஒருவன் கயிறு பிரிகிறது என்று கத்தினான். இன்னொருவன் தன் கைலியை அவிழ்த்துச் சேர்த்துக் கட்டினான். பதினொன்றரைக்கு வளைக்குள்ளே ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. முதலில் வால் வந்தது, பிறகு பின்னங்கால்கள். மொளகு பின்னோக்கியே வந்தாள், வாயில் நரைத்த ஒரு கிழட்டு எலி. அவள் அதைப் போட்ட இடத்தில் சிமெண்ட் விரிசல் விட்டது. அதே கணத்தில் லாரிக்குப் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம், தொடர்ந்து சாத்தான்குளத்துக் கெட்ட வார்த்தை ஒன்று. ஜெயசீலனுக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. எடை போட்டதில் எண்பத்தோரு கிலோ காட்டியது. உபரி ஒன்பது கிலோ யாருடையது என்று தெரியாததால், அவனே வைத்துக்கொண்டான். சேதுபதி மொளகின் முகத்து மண்ணைத் தன் பனியனால் துடைத்துக்கொண்டிருந்தான். கையை ஒரு தடவைகூட இழுத்துக்கொள்ளவில்லை. அதை அவன் அப்போது கவனிக்கவும் இல்லை.

மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை ஜோதிமணி வந்தாள். மொளகு ஓடிப்போய் அவள் மேல் ஏறி, கையை நக்கி, சுற்றிச் சுற்றி வந்து, ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம் அவள் காலடியில் படுத்திருந்தாள். பிறகு எழுந்து கிடங்கு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஜோதிமணி ஒரு முறை கூப்பிட்டாள். நாய் திரும்பிப் பார்த்தது, வாலை ஆட்டியது, எழுந்திருக்கவில்லை.

"டூட்டியில இருக்கா" என்றாள் ஜோதிமணி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கெழமைதோறும் வந்து பாத்துட்டுப் போனா உங்களுக்குச் சங்கடமில்லைங்களே?"

சங்கடமில்லை என்றான் சேதுபதி. அந்தக் கோடையில் மதாம் என்கிற ஊரில் ஒரு தோட்டத்தில் எலிகள் பேரீச்சம்பழத்தின் இனிப்பை மட்டும் தின்பதாகச் செய்தி வந்தது. சேதுபதி பிக்கப்பின் முன் இருக்கையில் ஒரு சாக்கை விரித்தான், மொளகு ஏறிக்கொண்டாள். அந்த வேலை இரண்டே காலைப்பொழுதில் முடிந்தது.