அண்ணி வைத்த வோல்டேஜ்

1
இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. அண்ணியின் மேசையிலிருந்து எடுத்தேன், கேட்டுவிட்டுத்தான். "எழுதிக்கோ. ஆனா கடைசியில என் கம்ப்யூட்டரைக் கொளுத்திடாத," என்றார். பத்திரிகை ஆசிரியரோ கொளுத்தச் சொல்கிறார். நான் அண்ணி கட்சி.

முதல் வரி: புகை நாற்றம் வீடெங்கும்—

(அடித்துவிட்டேன். புகையே வரவில்லை.)

2
கட்டப்போகும் வீடுகளைக் கணினியில் முப்பரிமாணப் படங்களாகச் செய்து தருவது அண்ணியின் தொழில். பெரிய வேலையொன்றுக்குக் கெடு நெருங்கியது; கணினியின் மூளையான பழைய ப்ராசஸர் நொண்டியது. அதையே அதன் இயல்பு வேகத்துக்கு மேல் விரட்டி ஓட்டுவது, அதாவது ஓவர்கிளாக் செய்வது என்று முடிவெடுத்தார்.

வேகம் கூடினால் ப்ராசஸர் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். போதாவிட்டால் நடுவழியில் படுத்துவிடும். அள்ளிக் கொடுத்தால் சூடேறி ஆயுள் தேயும்.

"தொடாத. வோல்டேஜ ஆட்டோவிலேயே விடு, அதுவே பாத்துக்கும். கம்ப்யூட்டர் போனா வேலையும் போயிடும்," என்றார் அண்ணன். அதோடு நின்றாரா? செட்டிங்ஸ் திரையைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டார்.

(இங்கே அண்ணனை வில்லனாக்கப் பார்த்தேன். வரவில்லை. பயந்த மனிதர். ஆனால் பயந்தவர் போட்டாலும் பூட்டு பூட்டுதான்.)

3
அண்ணி கத்தவில்லை, கெஞ்சவில்லை. பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, மதர்போர்டில் காசு மாதிரி இருந்த பேட்டரியைக் கழற்றினார். செட்டிங்ஸை நினைவில் வைத்திருப்பது அதுதான். சற்றுப் பொறுத்துத் திரும்ப மாட்டினார். பாஸ்வேர்டு போன இடம் தெரியவில்லை.

"யாரைக் கேட்டு கழட்டின?"

"நீங்க யாரைக் கேட்டு பூட்டினீங்க?"

4
வேகத்தைக் கூட்டி, வோல்டேஜை அண்ணன் சொன்னபடியே ஆட்டோவில் விட்டார். மதர்போர்டு தாராளமாக 1.42 வோல்ட் கொடுத்தது. ப்ராசஸரை முழு மூச்சில் உழைக்கவைக்கும் சோதனையை ஓடவிட்டதும் சூடு 97 டிகிரி. உடனே நிறுத்தினார்.

"பாத்தீங்களா? தொடாம விட்டதுதான் சுடுது."

கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டார். "1.45 வரைக்கும் போங்க சிஸ்டர், எதுக்கு பயம்?"

"எரிஞ்சா நீங்க வந்து என் வேலைய முடிச்சுக் குடுப்பீங்களா?"



பிறகு வோல்டேஜைத் தன் கையாலேயே வைத்தார். 1.20: திரை நீலமாகி நின்றது. கொஞ்சம் கூட்டினார், மறுபடி நின்றது. 1.26-இல் சோதனை முழுதும் ஓடியது, சூடு எண்பதைத் தாண்டவில்லை. மூச்சுவிட இடம் வேண்டுமென்று 1.27 வைத்தார்.*

"இன்னும் வேகம் கூட்டலாமே அண்ணி?"

"கூட்டலாம். எனக்கு வேணாம்."

*இவை அண்ணியுடைய ப்ராசஸரின் எண்கள். காப்பியடிக்காதீர்கள், உங்களுடையதை நீங்களே சோதியுங்கள்.

5
வேலை கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது.

"கிளைமாக்ஸே இல்லையே?" என்கிறார் ஆசிரியர். தன் இயந்திரம் எவ்வளவு தாங்கும் என்பதை ஒருத்தி தானே பார்த்து முடிவு செய்தாள், ஐயா. இது போதாதென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

இன்னொன்றும் நடந்தது. மறுவாரம் அண்ணன் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு அண்ணியின் மேசையருகே வந்து நின்றார்.

"இதையும் கொஞ்சம் வேகமாக்கித் தர்றியா?"

அண்ணி நாற்காலியைத் திருப்பினார். "மொதல்ல—"

இதற்குப் பிறகு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அண்ணன் மன்னிப்புக் கேட்கிறார். ஒன்றில் அண்ணி சிரித்துவிடுகிறார். மற்றதில் கதவைச் சாத்துகிறார். படித்துப் பார்த்த அண்ணி மூன்றையும் அடித்தார்.

"நான் சொன்னது எனக்கும் அவருக்கும் நடுவுல இருக்கட்டும். நீ உன் வேலையப் பாரு."

நானும் அதே அறையில்தான் இருந்தேன். என்ன சொன்னார் என்று தெரியும். எழுத மாட்டேன்.