பின் சீட்டின் நான்காவது வயர்

அந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். புள்ளி வைப்பதற்கு இவ்வளவு அவசரப்பட்டவர்கள் காரணம் தேடுவதற்கு எவ்வளவு மெனக்கெட்டிருப்பார்கள்?

"சனிக்கிழமை கமிட்டிக்கு முன்னாடி போட்டுரும்மா. நீயா ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கும்," என்றார் எங்கள் கிளைடர் கிளப்பின் செயலாளர். பத்திரிகை கொடுக்க வந்தவர் போல அவ்வளவு மரியாதை.

காகிதம் சொன்னது இதுதான்: கிளைடரின் முன் சீட்டு, பின் சீட்டுக் கைக்கணினிகளை ஓட்டுகிறவர் முன்னால் இருக்கும் பலகைக் கருவியோடு இணைத்ததில் நான் செய்த பிழையால் விபத்து நடந்தது, இனி எந்த கிளைடரிலும் இணைப்பு வேலை செய்து கையெழுத்துப் போடும் உரிமை எனக்கு இல்லை. நாலு வருஷம் படித்து, ரெண்டு வருஷம் அடுத்தவர் வேலையை வேடிக்கை பார்த்து வாங்கிய உரிமை அது. எங்கள் வீட்டில் கையெழுத்துக்கு மதிப்புள்ள முதல் ஆள் நான். என் அப்பா இதே மைதானத்தில் இறக்கை பிடிக்கிறவர். கிளைடர் கிளம்பும்போது ஒரு பக்கம் சாயாமல் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார். அவர் பெயரே இங்கே 'இறக்கை'தான். நான் 'வயர் பொண்ணு'.

கிளைடருக்கு இன்ஜின் கிடையாது. திரும்பி வரும்போது ஓட்டுகிறவர் நம்புவது ஒரே ஓர் எண்ணைத்தான்: மைதானத்துக்கு மேல் வந்து சேரும்போது கையில் எத்தனை மீட்டர் உயரம் மிச்சம் இருக்கும்? காற்று எந்தப் பக்கம், எவ்வளவு என்று நாம் சொன்னால் பலகைக் கருவி கணக்குப் போடும். கைக்கணினி அதைப் பெரிய எழுத்தில் காட்டும். ஒரு வாரம் முன்னால் பல் டாக்டர் தனியாகப் போனார். முந்நூறு மீட்டர் மிச்சம் என்றது எண். நிதானமாக வந்தவர், மைதானத்துக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னாலேயே உயரம் தீர்ந்து, உழுத வயலில் இறங்கினார். ஒரு இறக்கை நுனி போச்சு, அவருடைய தோள்பட்டை எலும்பும் போச்சு.

அந்த கிளைடருக்கு ரெண்டு சொந்தக்காரர்கள். பல் டாக்டர், அவர் மனைவியின் அண்ணன் வக்கீல். இணைப்பு வேலையை என்னிடம் கொடுத்த அன்று டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "முன் சீட்டுக்கு எல்லாம் குடு. பின் சீட்டுக்குக் காது மட்டும் போதும், வாய் வேண்டாம். மச்சான் பின்னாடி உட்கார்ந்துகிட்டு என் கணக்குல கை வைப்பாரு."

அப்படியே செய்தேன். முன் சீட்டுக்கு நாலு வயர்: கரன்ட், எர்த், கேட்பதற்கு ஒன்று, சொல்வதற்கு ஒன்று. பின் சீட்டுக்கு மூன்று. சொல்லும் வயர் கிடையாது. கிளப்புக்குக் கொடுத்த இணைப்புப் படத்திலும் அப்படியே வரைந்தேன். இணைப்புப் பெட்டியை மூடி, நாலு திருகின் மேலும் கருஞ்சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. யாராவது திறந்தால் பூச்சு உடையும். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற வேலைதான்.

கமிட்டி எனக்கு எதிரான சாட்சியாக ஒரு கத்தைத் தாளைக் கொடுத்தது. கருவியின் ஞாபகத்திலிருந்து எடுத்தது. அதை அவர்களில் ஒருவரும் படிக்கவில்லை என்பது முதல் பக்கத்திலேயே புரிந்தது. மூன்று மணி பன்னிரண்டு நிமிடம் வரை எதிர்க்காற்று பதினைந்து. அதன் பிறகு பத்து, ஐந்து, பூஜ்யம், அப்புறம் பின்காற்று ஐந்து, பத்து என்று நாற்பது வரை ஏறியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் சரியாக மூன்று விநாடி. மனுஷ விரல் இப்படித் தட்டாது. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் எங்கிருந்து வந்த உத்தரவு என்றும் இருந்தது: பின் சீட்டு.

வாய் இல்லாத பின் சீட்டு எப்படிப் பேசியது?

அன்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். தனியாகப் பறக்கும்போது பின் சீட்டு பெல்ட்டுகளைக் குஷன் மேல் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். தொங்கினால் பின்னாடி இருக்கும் ஓட்டும் ஸ்டிக்கில் மாட்டும். அந்த வேலையும் இறக்கை பிடிக்கிறவருடையதுதான்.

"அன்னைக்குப் பின் பெல்ட்டைக் கட்டினது யாருப்பா?"

"யாராவது கட்டியிருப்பாங்க."

"யாராவதுன்னா?"

"சாப்பிட்டியா நீ?"

கழுவிய கையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் பேச்சை மாற்றுகிறார் என்றால் என்ன அர்த்தம்? கிளப்பில் எல்லாரையும் சந்தேகப்பட்டாயிற்று. இப்போது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. நான் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை, விபத்தான கிளைடர் நிற்கும் ஹேங்கரில் கமிட்டி. கட்டுப்போட்ட தோளோடு டாக்டர். பக்கத்தில் வக்கீல், அவருக்கு நாற்காலி துடைத்துப் போட்டுக்கொண்டு. ஓரமாக, கூப்பிட்டால் வரலாம் என்ற தூரத்தில் அப்பா.

"கையெழுத்துப் போடுறேன். அதுக்கு முன்னாடி பெட்டியைத் திறக்கணும்," என்றேன்.

செயலாளரையே திருகச் சொன்னேன். மூன்று திருகில் என் கருஞ்சிவப்பு. நாலாவதில் ரோஸ் கலந்த சிவப்பு. மூடியை எடுத்தால் பின் சீட்டுக்கு நாலு வயர்.

வக்கீல் எழுந்துவிட்டார். "படத்துல மூணு, பெட்டியில நாலு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? பொண்ணு தானே தோண்டித் தானே விழுந்துருச்சு."

ரெண்டு பேர் சிரித்தார்கள்.

"சார், இந்த மூணும் என் சால்டர், நான் ஈயத்தை உருக்கி ஒட்டினது. பளபளன்னு இருக்கு. நாலாவதைப் பாருங்க, மென்னு துப்பின சூயிங்கம் மாதிரி இருக்கு. இப்படி ஒட்டியிருந்தா என்னை முதல் வருஷத்துலயே துரத்தியிருப்பாங்க. மூணு திருகைத் தொடாம விட்டு, ஒண்ணை மட்டும் கழட்டி அந்த மூலையில மூடியை நெம்பித் தூக்கியிருக்காங்க. திரும்ப மாட்டிட்டுப் பூசின கலர் வேற."

டாக்டர் குனிந்து பார்த்தார்.

"மச்சான், இது என் வீட்டு வாஷ்பேசின் மேல இருக்கிற உங்க தங்கச்சி பாட்டில் கலர்."

"கலரை வெச்சு கேஸ் நடத்துவியா மாப்ளே? கடையில ஆயிரம் பாட்டில் கிடக்கு. அன்னைக்கு என் கைக்கணினி என் வீட்டுல இருந்துச்சு. வயர் இருந்தா மட்டும் பேசிடுமா?"

நல்ல கேள்விதான். எப்படி நடந்திருக்கும் என்று ஊகித்ததைச் செய்து காட்டினேன். வேறொரு கைக்கணினியைப் பின் சீட்டு வயரில் மாட்டிக் காற்றின் அளவை மாற்றும் பக்கத்தைத் திரையில் திறந்து, குஷன் ஓரத்துப் பையில் வைத்து பெல்ட்டை இறுக்கினேன். அன்றைய பதிவைக் கருவியில் ஓடவிட்டு, அன்று பட்ட குலுக்கலுக்குப் பதிலாகச் சீட்டை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். பெல்ட்டின் கொக்கி நகர்ந்து, திரையில் பின்காற்றைக் கூட்டும் பொத்தான் மேல் உட்கார்ந்தது. விடாமல் அழுத்தினால் மூன்று விநாடிக்கு ஒரு தடவை அது ஐந்து கூட்டும். முன் சீட்டில் மிச்ச உயரம் மைனஸிலிருந்து ஏறியது. நாற்பது. நூற்றிருபது. முந்நூறு.

"எதிர்க்காத்துல வரும்போது எண் ஏறுதே, உங்களுக்குச் சந்தேகம் வரலையா சார்?" என்றேன்.

"நல்ல சேதியை யாரும்மா சந்தேகப்படுவாங்க?" என்றார் டாக்டர்.

"இதெல்லாம் இருந்திருந்தாங்கிற கதை," என்றார் வக்கீல். "கைக்கணினி அங்க இருந்ததைப் பார்த்த ஆள் இருக்கா?"

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்ட மாதிரி ஆகிவிடும். தரையில் இருந்த எண்ணெய்க் கறையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இருந்துச்சுங்க." அப்பாவின் குரல். "பெல்ட்டைக் கட்டினது நான்தான். பைக்குள்ள திரை எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. எடுக்கப் போனேன். வக்கீல் சார்தான் எடுக்காதே, டாக்டர்கிட்ட சொல்லவும் வேண்டாம்னாரு. வயல்ல போய் முதல்ல அதை எடுத்துக்கிட்டதும் அவருதான்."

வக்கீல் மறுக்க வாயைத் திறந்து, டாக்டர் முகத்தைப் பார்த்து, வேறு எதையோ சொன்னார். "அவன் எவ்வளவு வேகத்துல ஓட்டுறான்னு தெரிஞ்சுக்கணும்னுதான் வெச்சேன். பாதி கிளைடர் என்னோடது. வாராவாரம் விரட்டு விரட்டுன்னு விரட்டிட்டு, மெதுவாத்தான் போனேன்பான்."

"வயரு?" என்றார் டாக்டர்.

"பின்னாடி உட்கார்ந்தா நான் என்ன மூட்டையா? நானும் ஒரு எண்ணு மாத்தக் கூடாதா?"

அதற்குப் பிறகு அவர்கள் பேசியது குடும்பச் சண்டை. ஒரு கல்யாணத்தில் யாரோ யாரையோ வாங்க என்று கேட்காததுவரை போனது. செயலாளர் காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி, ஒரு ரப்பரை எடுத்து அந்தப் பென்சில் புள்ளியை மட்டும் சுத்தமாக அழித்தார். பிறகு காகிதத்தைக் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். மன்னிப்பு என்று யார் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. என் உரிமை என்னிடமே இருந்தது.

எல்லாரும் போன பிறகு நாலாவது வயரை வெட்டி எடுத்தேன். அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒன்பது நாளாச்சுப்பா."

அவர் டார்ச்சைப் பெட்டிக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தார்.

"வேலை போயிடும்னு பயமா?"

"என் வேலை என்ன பெரிய வேலை." டார்ச்சை மற்ற கைக்கு மாற்றினார். "வக்கீல் சார் சொன்னாரு. 'நீ வாயைத் திறந்தா பெட்டியைத் திறப்பாங்க. உள்ள நாலு வயர் இருக்கு. உன் பொண்ணு தப்பா போட்டு வெச்சிருக்கா'ன்னாரு. தோண்ட வேண்டாம்னு விட்டுட்டேன்."

அதாவது என்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார். காப்பாற்ற வேண்டும் என்றால் நான் தப்புச் செய்தவள் என்று நம்பியிருக்க வேண்டுமே. கிளப் முழுவதும் என்னைச் சந்தேகப்பட்டபோது வந்தது கோபம். இது கோபம் இல்லை. இதற்கு என்ன பெயர் என்று அப்போது தெரியவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நீ ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு..."

மூடியைக் கையில் எடுத்தேன். மூடவில்லை.

"கிட்ட வாங்க. பின் சீட்டு வயரை எண்ணுங்க."

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"எண்ணத் தெரியுமில்ல? எண்ணுங்க."

குனிந்தார். விரல் படாமல், காற்றிலேயே தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"மூணு."

"சரியாப் பார்த்துச் சொல்லுங்க."

இன்னொரு தடவை எண்ணினார். "மூணுதாம்மா."

மூடியைப் போட்டேன். நாலு திருகையும் முறுக்கி, பாட்டிலைத் திறந்து ஒவ்வொன்றின் மேலும் கருஞ்சிவப்பு ஒரு சொட்டு வைத்தேன். காயும்வரை அவர் டார்ச்சை அணைக்கவில்லை.