கனாலா என்றால் திறப்பீர்களா?

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும்போது முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். பிள்ளை படுக்கும் இடத்துக்கும் தெருவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கேப் டவுனில் நாங்கள் இருக்கும் பக்கம் துப்பாக்கிகள் இருட்டும்வரை காத்திருப்பதில்லை.

நான் ஒரு ஹார்டுவேர் கடையில் பூட்டு விற்கிறேன், சாவி வெட்டுகிறேன். துளை விழுந்த கதவுகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கைத்துப்பாக்கித் தோட்டா மரப்பலகையைத் துளைக்கும், பின்னால் இருக்கும் அலமாரியையும் துளைக்கும். செங்கல் சுவர் பெரும்பாலும் அதை நிறுத்திவிடும். கண்ணாடி நிறுத்தாது, தானும் நூறு கத்தியாக உள்ளே வரும்.

என் மகள் தஸ்னீமுக்கு மூன்று வயதானபோது இரண்டு வீடுகளைப் பார்த்தேன். முதல் வீடு ஷரீஃபா டீச்சருடையது. கொல்லையில் மரத்தாலான அறை, சுவர் முழுக்க யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்திருந்தார். யானையின் வயிற்றைத் தட்டிப் பார்த்தேன். டொக் டொக் என்றது.

"இது வெறும் பலகையா டீச்சர்?"

"ஆமா கண்ணு, குளிருக்குக் கதகதப்பா இருக்கும்."

"சுட ஆரம்பிச்சா?"

"அல்லாஹ் பாத்துப்பான்."

"சரி, அந்த நேரத்துல ஒருத்தன் ஓடி வந்து கனாலான்னு சொன்னா, தொறப்பீங்களா?"

டீச்சர் என்னை விநோதமாகப் பார்த்தார். "கனாலான்னு கேட்டா எப்படிம்மா தொறக்காம இருக்கிறது?"

எங்கள் வீடுகளில் 'தயவுசெய்து' என்பதற்குக் கனாலா என்போம். அல்லாஹ்வுக்காக என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. உப்பு வேண்டுமானாலும் கனாலா, உயிர் வேண்டுமானாலும் கனாலா. அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு மறுக்க எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. போன ரமலானுக்கு முன்னால் எதிர்க் குடியிருப்பில் ஓடிவந்த ஒருவன் அதைத்தான் சொன்னான். கதவு திறந்தது. அவன் உள்ளே போனான், துரத்தி வந்தவர்களும் போனார்கள். சாப்பாட்டு மேசைக்கு அடியில் அவனைச் சுட்டார்கள். மேசையில் உட்கார்ந்திருந்த பெண்ணையும், அவள் மடியில் இருந்த பிள்ளையையும் அதே தோட்டாக்கள் கொன்றன.

டீச்சருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டாவது வீடு மைமூனா ஆன்ட்டியுடையது. இரும்புக் கம்பிக் கேட்டுக்குப் பின்னால் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரே சாவி.

"யாரு?"

"நான்தான் ஆன்ட்டி, ஃபல்தீலா. போன்ல பேசினேனே."

"பின்னாடி யாரு?"

"யாருமில்ல."

"திரும்பிப் பாத்துட்டுச் சொல்லு."

பார்த்தேன். உண்மையில் யாருமில்லை. எனக்குக் கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது.

அந்தக் கேட்டை எனக்குப் பிடித்தது. இழுத்து அறைந்தால் போதும், பூட்டின் நாக்கு தானாகவே உள்ளே விழும். திறக்க மட்டும்தான் சாவி வேண்டும். வெளிப்பக்கமாகத் திறப்பதால் யாராலும் உதைத்து உள்ளே தள்ள முடியாது. அதற்கு ஒரே ஒரு குறை. மூட வேண்டுமென்றால் உள்ளே இருப்பவர் கையை வெளியே நீட்டி இழுக்க வேண்டும்.

வீட்டின் நடுவில் குளியலறை. அதில் ஒரு பழைய வார்ப்பிரும்புத் தொட்டி. இடித்துக்கொண்டிருந்த ஏதோ பணக்கார வீட்டிலிருந்து நாலு பேரை வைத்துத் தூக்கி வந்தாராம்.

"இதுல குளிக்க வைப்பீங்களா?"

"குளிக்கவா! ஏய், வாண்டுகளா, டின் மீன்!"

அவ்வளவுதான். முன்னறையிலிருந்த ஆறு பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே ஓடிவந்து தொட்டிக்குள் ஏறி, தலையும் காலும் மாறி மாறி, டப்பாவில் அடைத்த மீனைப் போலப் படுத்தார்கள். பேசியவர்களுக்குப் பிஸ்கட் கிடையாதாம். பின்னால் தெரிந்தது, தினமும் இந்த விளையாட்டு உண்டு. சத்தம் கேட்ட பிறகு சொல்லிக்கொடுத்தால் பயம் வரும், விளையாடிப் பழகியிருந்தால் கால் தானாக ஓடும் என்றார். எனக்கு அது நல்ல பூட்டின் ஸ்பிரிங்கைப் போலத் தெரிந்தது.

கடைசிக் கேள்வி மிச்சமிருந்தது. அவருடைய ஒரே மகன் இக்‌ஷான் கீழ்த்தெரு ரவுடிக் கூட்டத்தோடு திரிகிறான் என்பது ஊரறிந்த செய்தி.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. இக்‌ஷான் ஓடி வந்தா?"

அவர் பிள்ளைகளைத் தொட்டியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுத்தான் பதில் சொன்னார். "ராத்திரி இது அவன் வீடு. பிள்ளைங்க இருக்கிற வரைக்கும் அவன் வீடு இல்ல. அவன்கிட்டயே சொல்லிட்டேன்."

"கனாலான்னு சொன்னா?"

"சொல்லட்டும்."

"சும்மா எனக்காகச் சொல்றீங்களா?"

"நீ கேட்ட, நான் சொல்லிட்டேன். நம்புறதும் நம்பாததும் உன் பாடு."

நான் பாதிதான் நம்பினேன். மீதிப் பாதிக்குத் தோட்டாவைத் தாங்கும் அந்த இரும்புத் தொட்டி இருந்தது. தஸ்னீமை அங்கே விட்டேன்.

குளிர்காலத்தில் ஒரு வியாழக்கிழமை மின்வெட்டினால் கடையைச் சீக்கிரம் மூடினார்கள். மதியச் சாப்பாடு முடிந்த வேளையில் ஆன்ட்டி வீட்டு முன்னறையில் உட்கார்ந்து தஸ்னீமுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். மேல்தெருப் பக்கம் ஒரு வெடி. அடுத்தது அருகில்.

"டின் மீன்," என்றார் ஆன்ட்டி. கத்தவில்லை. சோறு தயார் என்பதைப் போலச் சொன்னார். என் கையிலிருந்த கால் உருவிக்கொண்டு ஓடியது. நான் பின்னால் தவழ்ந்து போய்த் தொட்டியோடு ஒட்டித் தரையில் படுத்தேன். கேட்டுக்கு உள்பக்கமிருந்த மரக்கதவை மூட ஆன்ட்டி நடைவழியில் போனார்.

அதற்குள் கேட்டின் மீது ஏதோ வந்து மோதியது.

"மம்மி! தொற மம்மி!"

குளியலறை வாசலிலிருந்து பார்த்தால் நடைவழியின் முடிவில் கேட் நேராகத் தெரியும். இக்‌ஷான் கம்பிகளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். ஒரு கால் மடங்கிக் கிடந்தது. கால்சட்டை தொடையிலிருந்து கீழே கறுப்பாக நனைந்திருந்தது.

"பின்பக்கம் ஓடுடா! சுவர் ஏறிக் குதி!"

"எலும்பு போச்சு மம்மி. வர்றாங்க. கனாலா. கனாலா மம்மி."

அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான். சரியான பதிலுக்காகவே அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தவளும் நான். ஆனால் அந்தக் குரல் காதில் விழுந்ததும் எழுந்து நின்று கத்தினேன். "தொறங்க ஆன்ட்டி! உங்க பிள்ள!"

அவர் திரும்பினார். சாவியை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார், கயிறு கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது.

"உன் பிள்ள எங்க இருக்கு?" என்றார்.

தெருமுனையில் இரண்டு பேர் நடந்து வந்தார்கள். ஓடவில்லை. அவன் ஓட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். சாவியைத் திருப்ப வேண்டும். அவன் சாய்ந்திருக்கிற கேட்டை வெளியே தள்ள வேண்டும். அதற்கு அவன் நகர வேண்டும், நகர அவனிடம் கால் இல்லை. உள்ளே இழுக்க வேண்டும், பிறகு கையை நீட்டிக் கேட்டை மூட வேண்டும். அந்த இருவரும் அதைவிட அருகில் இருந்தார்கள். பூட்டுத் தெரிந்த எனக்கு இது தெரியும். தெரிந்தும் மறுபடி கத்தினேன்.

ஆன்ட்டி கம்பிக்கு நடுவே கையை விட்டு அவன் தலையைப் பிடித்தார்.

"கலிமா சொல்லு, என் ராஜா. சொல்லு, மம்மியும் சொல்றேன்."

சாகிறவர்கள் வாயில் கடைசியாக இருக்க வேண்டிய அந்த வரியை இரண்டு குரலும் சேர்ந்து ஆரம்பித்தன. அவன் அழுதுகொண்டே சொன்னான். முடிவதற்குள் அவர் கையை இழுத்துக்கொண்டு மரக்கதவைச் சாத்தினார்.

சுட்டார்கள். அவன் விழுந்த பிறகும் சுட்டார்கள். மரக்கதவு சிம்புகளாகத் தெறித்தது. ஆன்ட்டியின் கன்னத்தில் விரல் நீளச் சிம்பு ஒன்று ஏறி நின்றது. நடைவழிச் சுவரிலிருந்து காரை பெயர்ந்து விழுந்தது. ஒரு தோட்டா நேராக வந்து தொட்டியில் அடித்தது. பள்ளிக்கூட மணியைப் போல ஒரு ஓசை, அது நிற்கவே இல்லை. வெள்ளைப் பூச்சு உதிர்ந்து கருப்பு இரும்பு தெரிந்தது. துளை இல்லை.

உள்ளேயிருந்து தஸ்னீமின் குரல். "ஆன்ட்டி, முடிஞ்சிடுச்சா?"

"இல்லடி. இன்னும் டின்ன யாரும் தொறக்கல. பேசினா பிஸ்கட் இல்ல." குரல் அப்படியே இருந்தது. முகத்திலிருந்து ரத்தம் தாடை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

தெருவில் பெண்கள் அலறும் சத்தம் கேட்கும்வரை அவர் சாவியைத் தொடவில்லை. பெண்கள் வெளியே வந்துவிட்டால் சுட்டவர்கள் போய்விட்டார்கள் என்று அர்த்தம். பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக ஒவ்வொருவராக, கண்ணை என் சால்வையால் மூடி, பக்கத்து வீட்டுக்குக் கடத்தினோம். அதன் பிறகுதான் ஆன்ட்டி மரக்கதவைத் திறந்து, சாவியைப் போட்டார்.

கேட் வெளிப்பக்கமாகத் திறப்பது என்று சொன்னேன் அல்லவா? அவன் அதன் மேல் சாய்ந்து கிடந்தான். அந்த இரும்புக் கேட்டைக் கொண்டே தன் மகனைத் தள்ளித்தான் அவர் வெளியே போக வேண்டியிருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். நான் உதவப் போனேன். "நீ தொடாத," என்றார்.

மறுநாள் அடக்கம் செய்தார்கள். அந்த வாரம் முழுவதும் தெருவில் ஒரே பேச்சு.

"பெத்த பிள்ளைக்கே தொறக்காதவ, ஊரான் பிள்ளைக்கு என்ன செய்வா?"

"கனாலான்னு கதறினானாம். கல்லுடி அவ நெஞ்சு."

"அவளா பெண்பிள்ள? பூட்டு!"

நாலு தாய்மார் பிள்ளைகளை ஷரீஃபா டீச்சரின் யானைச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் அன்று திற என்று கத்தியவள்தான்.

ஏழாம் நாள் ஓதல் முடிந்த மறுநாள் காலை தஸ்னீமைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலைக் கழுவியிருந்தார்கள். மரக்கதவின் துளைகள் மேல் தகரம் அடித்திருந்தது. கேட்டின் கீழ்க்கம்பி ஒன்று வளைந்திருந்தது. ஆன்ட்டி கன்னத்தில் பஞ்சோடு வந்து நின்றார்.

"யாரு?"

"நான்தான் ஆன்ட்டி, ஃபல்தீலா."

"பின்னாடி யாரு?"

திரும்பிப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பெண்கள் கையில் துடைப்பத்தோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருமில்ல. தொறங்க ஆன்ட்டி, கனாலா."

பழக்கத்தில் வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து சொல்கிற வார்த்தை. சாவிக்குப் போன அவர் கை பாதியில் நின்றது.

"அந்த வார்த்தைக்கு இந்தக் கேட் தொறக்காது," என்றார். "மறுபடி கேளு."

தஸ்னீம்தான் கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டிச் சொன்னாள். "ஆன்ட்டி, தொறங்க. டின் மீன் விளையாடணும்."

சாவி திரும்பியது. என் மகள் உள்ளே போனாள். ஆன்ட்டி கையை வெளியே நீட்டிக் கேட்டை இழுத்து அறைந்தார். நாக்கு உள்ளே விழுந்தது. விழுந்ததா என்று இரண்டு கையாலும் குலுக்கிப் பார்த்தார். அந்தப் பக்கம் நின்று நானும் ஒரு தடவை குலுக்கிப் பார்த்தேன்.