பாதி லோடு

முழு லோடு ஏற்றச் சொல்லி நான் மாட்டேன் என்றிருந்தால் நாலு பேராவது என் பக்கம் நின்றிருப்பார்கள். பாவம், மனுஷனுக்கு வயசாகிறது, உடம்பு முடியவில்லை என்று சொல்லியிருப்பார்கள். நான் மாட்டேன் என்றது பாதி லோடுக்கு. அதனால்தான் ஆபீஸ் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் முதல் டயருக்குக் காற்றடிப்பவன் வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நான் ஓட்டுவது ஆசிட் டேங்கர். ஓட்டியது என்று சொல்ல வேண்டும், வாய்க்கு இன்னும் பழகவில்லை. ஆசிடை நான் பயந்துதான் ஓட்டினேன். பயப்படாதவன் அந்த ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்பது என் கட்சி. கிளம்புவதற்கு முன் வால்வைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். மேல் மூடியின் நட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்ப்பேன். பின்னால் மாட்டியிருக்கும் அபாயப் பலகையைத் துணியால் துடைப்பேன். உடம்பில் ஆசிட் பட்டால் கழுவுவதற்கு வைத்திருக்கும் தண்ணீர் நிறைய இருக்கிறதா என்று கேனைத் தூக்கிப் பார்ப்பேன். இதற்கெல்லாம் சேர்த்து மற்ற டிரைவர்கள் எனக்கு வைத்த பெயர் நத்தை. நத்தை கவிழ்ந்து கை கால் உடைந்ததாக எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று நானும் விடாமல் கேட்பேன்.

எங்கள் கம்பெனியில் எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்கிறவருக்குப் பட்டப்பெயர் உடனே சார். அவருக்கு எல்லாமே உடனே நடக்க வேண்டும். தும்மலைக்கூட அவர் காத்திருந்து தும்மிப் பார்த்ததில்லை. அவர்தான் அன்று காலையில் என்னைக் கூப்பிட்டார். மலைக்கு மேலே இருக்கும் தொழிற்சாலையில் ஆசிட் சேமிக்கும் தொட்டிகளில் ஒன்று பழுதாகிவிட்டதாம். வழக்கமாக வாங்குவதில் பாதியைத்தான் இறக்கிக்கொள்ள இடம் இருக்கிறதாம். அதனால் பாதியை ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பு என்றார்.

இந்த இடத்தில் என் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் சிரிப்பீர்கள். கம்பெனியில் ஆசிடுக்கு இரண்டு டேங்கர்கள் உண்டு. ஒன்றில் உள்ளே குறுக்குத் தடுப்புகள் இருக்கும், திரவம் அங்கும் இங்கும் ஓடாது. என்னுடையதில் அது கிடையாது. உள்ளே இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெறும் உருளை. அதை நிரப்பிவிட்டால் ஆசிட் அசைய இடமில்லாமல் அடங்கி உட்கார்ந்திருக்கும். பாதி ஏற்றினால்தான் வம்பு. நீங்கள் வளைவில் திரும்புவீர்கள், அது திரும்பாது. ஒரு பக்கத்துச் சுவரில் ஏறி மொத்த எடையோடு வண்டியைச் சாய்க்கும். நீங்கள் பிரேக் போட்டு நிற்பீர்கள், அது நிற்காமல் பின்னாலிருந்து வந்து முட்டும். நிறைய ஏற்று, இல்லாவிட்டால் அடியில் கொஞ்சமாக ஏற்று, நடுவில் மட்டும் வைக்காதே என்று பயிற்சியில் முதல் நாளே சொல்லித்தான் அனுப்பினார்கள். உடனே சாரும் அந்தப் பயிற்சிக்கு வந்திருந்தார். சாப்பாடு நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்வார்.

நான் அவரிடம் பொறுமையாகத்தான் சொன்னேன். தடுப்பு வைத்த டேங்கர் வெளியே போயிருக்கிறது, அது திரும்பட்டும், அதில் நானே போகிறேன் என்றேன். தொழிற்சாலை காத்திருக்காது என்றார். நிறைகுடம் தளும்பாது சார், குறைகுடம்தான் கூத்தாடும் என்று சும்மாவா சொன்னார்கள் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. அவரைத்தான் குறைகுடம் என்கிறேன் என்று நினைத்துவிட்டார். அப்படிச் சொல்வதற்கு எத்தனையோ நாள் வாய் துறுதுறுத்ததுண்டு, ஆனால் அன்று நான் டேங்கரைத்தான் சொன்னேன்.

சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, முழு லோடுக்குப் பயப்படாதவன் பாதி லோடுக்குப் பயப்படுகிறாயே, இதில் கால்வாசி கொடுத்தால் அழுதுவிடுவாயா என்றார். அதைவிடக் குறைவாகக் கொடுத்தால் போகிறேன், நாலைந்து தடவை போய் இறக்குகிறேன் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு சிரித்தார்கள். முதலாளி சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் இரு, கூப்பிடும்போது வா என்றார்.

சாவியை வாங்கிக்கொண்டவன் என் மைத்துனன். என் மனைவியின் தம்பி. அதே கம்பெனியில் டிரைவர். வீட்டிலும் எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவன் மனைவி அங்கே பிள்ளைகளை அதட்டினால் இங்கே நான் நிமிர்ந்து உட்காருவேன். நல்லவன், கை மட்டும் கொஞ்சம் வேகம். அன்று அவன் வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புமுன் பின்பக்கக் குழாயடிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். துணி அலசும் அகலமான பேசினில் பாதித் தண்ணீர் பிடித்து, தூக்கிக்கொண்டு வேகமாக நடந்து திரும்பு என்றேன். திரும்பினான். தண்ணீர் அவன் சட்டையில் பாதியை நனைத்தது. சிரித்தான்.

“வளைவுக்குள்ள பிரேக்கைத் தொடாதே. முன்னாடியே நடக்கிற வேகத்துக்குக் கொண்டு வந்துடு. வண்டி நின்னாலும் நின்னுடுச்சுன்னு நம்பாதே” என்றேன்.

“சரி மாமா. நீங்க கவலைப்படாம இருங்க” என்றான்.

அவன் போன பிறகு என் மனைவி பேச ஆரம்பித்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் பாத்திரங்களிடம் பேசுவாள், பதில் சொல்ல வேண்டியது நான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று குக்கரிடம் சொன்னாள். கூடப் பிறந்தவன் போகிறான், கட்டிக்கொண்டது பயந்து உட்கார்ந்திருக்கிறது என்று கரண்டியிடம் சொன்னாள். அவளிடமும் பேசினைக் காட்டலாமா என்று யோசித்தேன். அவள் அதை என் தலையில் கவிழ்த்திருப்பாள்.

நான் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். மலைப்பாதை எனக்கு மனப்பாடம். இப்போது அடிவாரத்தைத் தாண்டியிருப்பான், இப்போது முதல் வளைவு, இப்போது பள்ளத்துப் பக்கம் சாயும் அந்தக் கெட்ட வளைவு என்று மனசுக்குள் கூடவே ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்படியே முதலாளி முன்னால் நான் நிற்பதும் தெரிந்தது. அவர் தலையைக் குனிந்திருந்தார். அன்னைக்கே சொன்னேனே சார் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை தடுமாறவில்லை. அந்தக் காட்சியில் என் மைத்துனன் உயிரோடு இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. உடம்பு கூசிப்போய் எழுந்து முகம் கழுவினேன். அப்போதுதான் அவன் மனைவி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, போய்ச் சேர்ந்துவிட்டாராம் என்று குரல் கொடுத்தாள். எனக்குள் ஏதோ பொத்தென்று இறங்கியது. நிம்மதி என்று அதற்குப் பெயர் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

மறுநாள் அவன் வந்தான். அக்காவுக்கு ஆப்பிள் வாங்கி வந்திருந்தான். வண்டி எப்படிப் போனது என்று அவள் என் காதில் விழும்படியாகக் கேட்டாள். ஜம்மென்று போனது என்றான். கை கழுவப் பின்பக்கம் வந்தவன், நான் அங்கே நிற்பதைப் பார்த்துக் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டான்.

“அந்தப் பள்ளத்து வளைவுல இடது பக்கத்து டயர் தரையை விட்டுடுச்சு மாமா” என்றான்.

நான் குழாயை மூடினேன்.

“நீங்க சொன்ன மாதிரி மெதுவாத்தான் போனேன். அப்படியும் தூக்கிடுச்சு. அப்புறம் தானா கீழ உட்கார்ந்தது. ஓரங்கட்டிட்டு இறங்கலாம்னு பார்த்தேன், கால் வரலை.” கண்கள் கலங்கியிருந்தன. “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. என்னையும் உட்கார வெச்சுடுவாங்க. நீங்களும் சும்மா, நானும் சும்மான்னா ரெண்டு வீடும் என்ன பண்ணும்?”

அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். சொல்ல மாட்டேன் என்றேன். உள்ளே எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், சந்தோஷமாக இருந்தது. இரண்டு பிள்ளைகளின் தகப்பன் என் எதிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிறான், எனக்குச் சந்தோஷம். நான் சொன்னது சரி என்பதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டான் அல்லவா.

அந்த ஆளைக்கூட எனக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. அடுத்த வாரம் ஆபீசில் எல்லா டிரைவர்களையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள், என்னையும் வரச் சொன்னார்கள். மலைத் தொழிற்சாலையில் தொட்டியைச் சரிசெய்யப் பல மாதம் ஆகுமாம். அதுவரை வாரா வாரம் வியாழக்கிழமை பாதி லோடு போக வேண்டுமாம். தடுப்பு வைத்த டேங்கருக்கு வேறு ஊரில் நிரந்தரமாக வேலை வந்துவிட்டது. அதனால் பழைய வண்டியில்தான் போக வேண்டும். அன்று வண்டி எப்படிப் போனது, எல்லார் முன்னாலும் சொல்லு என்று முதலாளி என் மைத்துனனைக் கேட்டார்.

“பூ மாதிரி போச்சு சார்” என்றான்.

கேட்டாயா என்பதுபோல உடனே சார் என்னைப் பார்த்தார். அவர் பார்வையை நான் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் வாரா வாரம் என்ற சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு தடவை தூக்கியது தானாக உட்கார்ந்தது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் உட்காருமா? இவன் பொய்க்கு இவனே பலியாகப் போகிறான், இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு என்று தோன்றியது. அப்படித்தான் தோன்றியது என்று நம்புகிறேன். சிரித்தவர்கள் எல்லாரும் அங்கே வரிசையாக நின்றதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

“டயர் தரையை விட்டுடுச்சு சார். என்கிட்ட சொன்னான். அவனையே கேளுங்க” என்றேன்.

என் மைத்துனன் தரையைப் பார்த்தான். எனக்குப் புரிந்தது, அவன் கோபப்படப் போவதில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை சார்” என்று மெதுவாகச் சொன்னான். “மாமா வேலை போன வருத்தத்துல இருக்காரு. அவரைத் தப்பா நினைக்காதீங்க.”

எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பே தேவலை. முதலாளி என்னைத் தனியே அழைத்து, இனிமேல் இங்கே வேண்டாம், உனக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம் என்று தன்மையாகச் சொல்லி அனுப்பினார்.

விஷயம் எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. என் மனைவி சுவருக்கு அந்தப் பக்கம் போய்த் தம்பியை நேராகக் கேட்டாள். அவளிடமும் அவன் இல்லை என்றே சொன்னான். என் பிள்ளைகள் மேல் ஆணை என்று சொல்லப் போனானாம், இவள்தான் அவன் வாயைப் பொத்தினாளாம். திரும்பி வந்தவள் பாத்திரங்களிடம்கூடப் பேசவில்லை.

இப்போது நான் குடிதண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறேன். சின்ன வண்டி. கேன்கள் எல்லாம் கழுத்து வரை நிரப்பி மூடியவை, ஒன்றும் தளும்பாது. கவிழ்ந்தாலும் தெரு நனையும், அவ்வளவுதான். வியாழக்கிழமைகளில் மட்டும் மதியமே வீட்டுக்கு வந்துவிடுவேன். வந்து முன்னறையில் உட்காருவேன். யாரும் என்னை வரச் சொல்லவில்லை. வராமல் இருக்கவும் முடியவில்லை.

என் மனைவியும் வியாழக்கிழமைகளில் போனைக் கையை விட்டுக் கீழே வைப்பதில்லை என்பதைக் கொஞ்ச நாளில் கவனித்தேன். என் பேச்சை நம்பாதவளுக்கு எதற்கு இந்தப் பதைப்பு என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை அவளும் ஒப்புக்கொண்டிருப்பாள், இரண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாம். ஒரே அறையில் தனித்தனியாகக் காத்திருந்தோம்.

போன வியாழக்கிழமை மழை. வழக்கமாக வரும் நேரத்துக்கு அவனிடமிருந்து போன் வரவில்லை. அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே உதறி மறுபடி மடித்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன், போனைப் பார்த்தேன், மறுபடி ஜன்னலைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த துணியை மடியில் வைத்துக்கொண்டாள்.

“உங்க பேச்சு சரின்னு ஆகணும்னா என் தம்பி விழணும். அதுக்குத்தானே வாரா வாரம் வந்து உட்கார்றீங்க?”

“என்ன பேச்சு பேசற நீ?”

“இல்லைன்னு சொல்லுங்க. போதும்.”

இல்லை என்பது சின்னச் சொல். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் சின்ன வயதில் என் சைக்கிளில் உட்கார்ந்து வந்திருக்கிறான். அவன் பிள்ளைகள் என் விரலைப் பிடித்துத்தான் நடை பழகின. அவன் விழக்கூடாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் வரவில்லை.

போன் அடித்தது. அவள் எடுத்துக் காதில் வைத்தாள். பேசுகிறவன் அவள் தம்பி, ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தை. என்னிடமிருந்து கண்ணை எடுக்காமலே, “சேர்ந்துட்டானாம்” என்றாள்.

முகத்தை நான் சரிசெய்துகொண்டேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். “சாப்பிட்டியாடா?” என்று தம்பியைக் கேட்டுக்கொண்டே எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.